ஃபேன் இல்லாத ஊர்

மாற்றல் உத்தரவு வந்த அன்று மெக்கானிக் ஒரு மூன்றாவது மாடிச் சுவரின் வெளிப்பக்கம், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணி. ஸ்பேனரை வெறுங்கையால் தொட முடியவில்லை. ஈரத்துணி சுற்றிப் பிடித்திருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை என்பதால், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார்.

"என்னங்க, எனக்கு ப்ரமோஷன் வந்திருக்கு. ஆனா இந்த ஊர்ல இல்ல. மலை மேல போட்டிருக்காங்க. வருஷத்துல எட்டு மாசம் மழையாம்."

"அங்க ஏ.சி. உண்டா?"

"ஃபேனே கிடையாதாம்."

கயிற்றில் தொங்கியபடி அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வச்சிடு. கீழ இறங்கிட்டுக் கூப்பிடறேன்" என்றார்.

அவள் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். இதற்கு முன் இரண்டு முறை பதவி உயர்வு வந்து, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள். முதல் தடவை அவளுடைய அம்மா படுக்கையில் இருந்தார். இரண்டாம் தடவை அவள் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெயில் ஊரில்தான் ஏ.சி. மெக்கானிக்குக்குப் பிழைப்பு என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். அந்த வட்டாரத்தில் 'கூலிங்' என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர்கூட அவர் வீட்டுக்கு வழி சொல்வார்.

கோடை வந்தால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கண்மேல் ஈரத்துணி போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று. அதே கோடையில்தான் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைத்துவிட்டு வந்தால், சொந்த வீட்டில் அவள் இருட்டில் முனகிக்கொண்டிருப்பாள். வீட்டு ஏ.சி.யோ வயிற்றைத் திறந்தபடி ஸ்டூல் மேல் கிடக்கும். கைக்குழந்தை வைத்திருந்த யாரோ அவசரம் என்று வந்து நின்றதால், அதிலிருந்த நல்ல மோட்டாரைக் கழற்றிக் கொடுத்திருந்தார். "நாளைக்கு மாட்டிடறேன்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு கோடை போயிருந்தது.

கீழே இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீரைப் பாதி குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"போகலாம்."

"உங்க தொழில்?"

"ஃபேன் இல்லாத ஊர்ல ஃப்ரிட்ஜ்கூடவா இருக்காது? கையெழுத்துப் போட்டுக் குடு."

"அப்பா?"

"சாயங்காலம் வந்து கேட்போம்."

மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வெயில் அவருக்குப் பழகிய எதிரி. ஒரு நாளைக்கு மூன்று குளியல், மேலுக்குக் கை வைத்த பனியன், ராத்திரி மொட்டை மாடியில் வெறும் பாய். விஷயத்தைச் சொன்னதும், ஏதோ சினிமாவுக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். மகள் அவருடன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சமையலறை வாசலில் வந்து நின்று, "ஜன்னல் சீட்டுன்னா வர்றேன்" என்றார்.

மாமனாருக்கும் மருமகனுக்கும் மனக்கசப்பு எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. ஏழு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் "சாப்டாச்சா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா", "கரண்ட் வந்துச்சா?" "வந்துச்சு மாமா" என்பதைத் தாண்டிப் போனதில்லை. மரியாதை ஒரு பக்கம். இருவரில் ஒருவர் எப்போதும் வெளியில் இருப்பார் என்பது இன்னொரு பக்கம்.

மலை ஊரில் லாரியிலிருந்து சாமான் இறக்கிய அன்றே மழை. வீடு மாடியில், இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலே இல்லாத ஒரு சின்னச் சாமான் அறை. கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டீச்சர் என்றது. மூவருக்கும் சூடாக டீ கொடுத்துவிட்டு, "ஒரே ஒரு கண்டிஷன்" என்றார். "துணி காயலைன்னு மட்டும் யாரும் என்கிட்ட வந்து சொல்லக்கூடாது. எனக்கே காயல."

முதல் வாரத்திலேயே அந்தக் கண்டிஷனின் அர்த்தம் புரிந்தது. உப்பு ஜாடியில் உப்பு கஞ்சியாகிவிட்டது. தீக்குச்சி தேய்த்தால் தலை மட்டும் கழன்று வந்தது. மெக்கானிக்கின் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் முளைத்தது. வந்த மறுநாள் விடிந்ததும் மாமா பழக்க தோஷத்தில் பச்சைத் தண்ணீரை ஒரு மக் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்ள, அவர் போட்ட சத்தத்தில் டீச்சர் கீழிருந்து ஓடி வந்தார். அன்றிலிருந்து ஒரே குளியல், அதுவும் வெந்நீர், அதுவும் சில நாள் இல்லை.

ஆனால் அவள் வேறு ஆளாகிவிட்டாள். ஒரு மாதம் போயிற்று, தலைவலி வரவில்லை. இரண்டாம் மாதமும் வரவில்லை. காலையில் தலை வாரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறலில் பால்கனியில் நின்று முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, "இந்நேரம் அங்கன்னா நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன் இல்ல?" என்றாள். பின்னால் டீ டம்ளரோடு நின்ற இரண்டு ஆண்களும் "ஆமா" என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக் வேலை தேடி அலைந்தார். முதல் எலக்ட்ரிகல் கடைக்காரர், "ஏ.சி. மெக்கானிக்கா? இந்த ஊருக்கா? யாராவது சொல்லி அனுப்புனாங்களா, இல்ல வீட்ல சண்டையா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவும் வைத்தார். மாதத்துக்கு நான்கைந்து ஃப்ரிட்ஜ் வந்தது. ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று வந்தது, அதுவும் சும்மா கிடந்து கெட்டுப்போனது. மீதி நாள் வீட்டில்தான்.

சமையல் அவர் கைக்கு வந்தது. துணி துவைப்பதும் வந்தது. துவைப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை. காய வைப்பதுதான் போர். ஹாலின் குறுக்கே கட்டிய ஒற்றைக் கொடியில் அவளுடைய இரண்டு வெள்ளைக் கோட்டும், இரண்டு ஆண்களின் பனியனும் நான்கு நாள் தொங்கும். நான்காம் நாளும் தையல் ஓடிய இடத்தில் ஈரம் இருக்கும். நனைந்த நாய் வாசம் அடிக்கும். அவளுடைய கோட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே உலர்த்திக் கொடுப்பார். ஒரு நாள் அதைக் கொடியில் நடு இடத்துக்கு நகர்த்தப்போய், மாமாவின் பனியன் கீழே விழுந்துவிட்டது.

"என் பனியன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மாமா.

"உங்க பொண்ணு கோட்டுதான் மாமா. நாளைக்குப் போட்டுக்கணும்."

"நான் நாளைக்கு வெறும் உடம்போட இருக்கணுமா?"

"ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்தாளே, அதைப் போடுங்களேன்."

"ஸ்வெட்டர் கிழவனுங்க போடறது."

ஏழு வருடத்தில் இருவரும் பேசிய மிக நீளமான பேச்சு அது. பேசி முடித்ததும் இருவருக்குமே கூச்சமாகப் போய்விட்டது. மாமா குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

அதற்கப்புறம் அது வழக்கமாயிற்று. மகள் வேலைக்குப் போன பத்தாவது நிமிடம் மாமா குடையோடு கிளம்புவார். மதியச் சாப்பாட்டுக்கு வருவார், மறுபடி போவார், மகள் வருவதற்குச் சற்று முன் வந்து ஒன்றும் தெரியாதவர்போல நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "எங்க மாமா?" என்றால் "சும்மா, ஒரு நடை." கொட்டுகிற மழையில் அப்படி என்ன நடை என்று மெக்கானிக் யோசித்தார். செருப்பில் சேறு இல்லை. குடைகூட அவ்வளவாக நனைந்திருக்காது. ஆனால் வந்து உட்காரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். எங்கேயாவது டீக்கடையில் கூட்டாளி பிடித்திருப்பார் என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் மதியம் மாமா சாப்பிட வரவில்லை. இரண்டு மணி ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. காலையிலிருந்து விடாத மழை, காற்றும் சேர்ந்துகொண்டது. மாமாவின் போன் வீட்டிலேயே மேஜை மேல் கிடந்தது. மகளிடம் சொன்னால் அலறியடித்து ஓடி வருவாள். மெக்கானிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினார்.

முதலில் டீக்கடைகள். யாருக்கும் தெரியவில்லை. பிறகு நூலகம். அங்கேயும் இல்லை. கடைசியில் பஸ் நிலையத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த டைம் கீப்பரிடம், "வயசானவர், உயரமா, மழையிலயும் கை வச்ச பனியனும் மேல ஒரு சட்டையும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவிடவில்லை அவர்.

"ஏழாம் நம்பர் ஐயாவா?"

"ஏழாம் நம்பரா?"

"தினமும் வருவாரே. ஏழாம் நம்பர்ல முன் சீட்ல ஏறுவார். மேல கடைசி ஸ்டாப் வரைக்கும் போவார், இறங்கமாட்டார், அதே வண்டியில திரும்பி வருவார். ஒரு நாளைக்கு நாலு ட்ரிப். நீங்க யாரு?"

"மருமகன்."

"பயப்படாதீங்க. மேல ஒரு மரம் விழுந்து ரோடு அடைச்சிருக்கு. வண்டி ஒன்பதாவது வளைவுல நிக்குது. யாருக்கும் ஒண்ணும் இல்ல. மரம் அறுக்க ஆள் போயிருக்காங்க."

மரம் அறுக்கப் போகிற ஜீப்பிலேயே மெக்கானிக்கும் தொற்றிக்கொண்டார். வளைவு திரும்பியதும் பஸ் தெரிந்தது. மூடிய கண்ணாடிகளில் உள்ளிருந்து புகைபோல ஆவி படிந்திருந்தது. பின் சீட்டுகளில் ஏழெட்டுப் பேர் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரும் கண்டக்டரும் விழுந்த மரத்தருகே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய மாடல் பஸ். எஞ்சின் முன்பக்கம், டிரைவருக்கு இடது கைப்பக்கம், போனட் மூடிக்குக் கீழே. அந்தப் போனட்டை ஒட்டிய ஒற்றை சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதத்தையும் போனட் மூடியின் மேல் வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் அதன் மேல் விரிந்திருந்தன. கண் மூடியிருந்தது.

மெக்கானிக் படியிலேயே நின்றுவிட்டார். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமா."

மாமா கண்ணைத் திறந்தார். காலை அவசரமாகக் கீழே இறக்கி, செருப்பைத் தேடினார். திருட்டுப் பண்ணி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் முகம்.

"நீங்க எங்க மாப்பிள்ளை இங்க?"

"உங்களைத் தேடித்தான். காலை மேலயே வச்சுக்கங்க. சூடு இருக்கா இன்னும்?"

"ஆறிக்கிட்டு வருது," என்றார் மாமா. "எஞ்சினை நிறுத்தி மூணு மணி நேரம் ஆச்சு. ஆனாலும் இரும்பு பாருங்க, விடாது."

மெக்கானிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தன் கையையும் வைத்துப் பார்த்தார். மெல்லிய வெதுவெதுப்பு. ஐந்து மாதமாக மரத்துக் கிடந்த விரல் நுனிகளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. அவரும் கையை எடுக்கவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் இந்தப் போனட்டைத் திட்டியிருக்கேன்," என்றார் மாமா. "வெயில் காலத்துல இடது கால் வெந்துபோகும். முட்டிக்குக் கீழ முடியே முளைக்காது. பென்ஷன் வாங்கின அன்னைக்கு முதல்ல சந்தோஷப்பட்டது என் இடது கால்தான். இப்போ பாருங்க, சீனியர் பாஸ் எடுத்துக்கிட்டு அதுக்குப் பக்கத்துலயே வந்து உட்கார்றேன்."

"வீட்ல சொல்லியிருக்கலாமே மாமா. குளிருதுன்னு."

"யார்கிட்ட சொல்றது? அவகிட்டயா?" மாமா வெளியே பார்த்தார். கண்ணாடியில் ஆவிதான் இருந்தது. "அந்தப் பிள்ளை சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? காலையில பாடிக்கிட்டே தலை வாருது. அதுகிட்டப் போயி, 'அம்மா, எனக்குக் குளிருது, ஊருக்குப் போகலாம்'னு சொல்லவா? சொன்னா உடனே எழுதிக் குடுத்துடும். அதுக்குத்தான் சொல்லல. உங்ககிட்டச் சொன்னா நீங்க அவகிட்டச் சொல்லிடுவீங்க."

"மாட்டேன் மாமா."

"ஏன்?"

மெக்கானிக் போனட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் குளிருது மாமா. முதுகெல்லாம் பிடிச்சுக்கிட்டு இருக்கு. வேலையும் இல்ல. சில நாள் கரண்ட் அடுப்பைப் போட்டு, அது முன்னாடி சும்மா உட்கார்ந்துப்பேன். அவ வர்றதுக்கு முன்னால அணைச்சுடுவேன். நானும் சொல்லல."

மாமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனட் மேல் தன் கையை ஒரு சாண் நகர்த்தி மருமகனுக்கு இடம் விட்டார். "இந்தப் பக்கம் வைங்க. இங்கதான் சூடு ஜாஸ்தி."

மரம் அறுத்து முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் ஏழு வருடப் பாக்கியைப் பேசித் தீர்த்தார்கள். மாமா தன் ரூட்டில் இருந்த வளைவுகளைச் சொன்னார். மருமகன் கயிற்றில் தொங்கிய கதைகளைச் சொன்னார். பேச்சுவாக்கில் மெக்கானிக், "ஏ.சி.யும் இதே மாதிரிதான் மாமா. முன்னால குளிர் வரும்னுதான் எல்லாரும் பார்ப்பாங்க. பின்னால கை வச்சா நெருப்பு. அந்தச் சூட்டையெல்லாம் வெளிய தெருவுக்குத் தள்ளிடறோம்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"என்ன மாப்பிள்ளை?"

"தள்ளாம இருந்தா என்ன?" என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலை பழைய சாமான் கடையில் இருவரும் நின்றார்கள். மூலையில் ஜன்னலில் வைக்கிற மாதிரிப் பழைய ஏ.சி. ஒன்று தூசியோடு கிடந்தது. "யாரோ தெரியாம வாங்கிட்டு வந்தது. எடுத்துட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்றார் கடைக்காரர். இரண்டு பேருமாகத் தூக்கி, நாலு இடத்தில் இறக்கி இளைப்பாறி, மாடிக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

மெக்கானிக்கின் கணக்கு எளிது. குளிர்ந்த கம்பிச்சுருள் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக இழுத்துக்கொள்ளும். பின்பக்கச் சூடான சுருள் அதே காற்றைக் காயவைக்கும். முன்னும் பின்னும் ஒரே அறைக்குள் இருந்தால், அறை காயும், சூடாகும். ஹாலின் நடுவில் வைத்து ஓடவிட்டார். அரை மணி நேரத்தில் முன் சுருள் முழுக்க வெள்ளையாக ஐஸ் கட்டிவிட்டது. துணி காயவில்லை. அறை முன்னைவிடக் குளிர்ந்ததுபோல் இருந்தது.

மாமா போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்குக் குளிருதுன்னு சொன்னதுக்கு ஐஸ் ஃபேக்டரியா?"

"இருங்க மாமா. ஹால் பெரிசு. ரூம் சின்னதா இருக்கணும்."

சாமான் அறையைக் காலி செய்தார்கள். கதவிடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைத்தார்கள். ஐஸை உருகவைக்கிறதற்கென்று ஃப்ரிட்ஜுக்குள் ஒரு டைமர் இருக்கும். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத ஒரு ஃப்ரிட்ஜிலிருந்து அதைக் கழற்றி மாட்டினார். இப்போது கம்ப்ரஸர் அவ்வப்போது நின்று, ஐஸ் உருக நேரம் கொடுத்தது. ஆனாலும் துணி அரைகுறையாகத்தான் காய்ந்தது. மெக்கானிக் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்துத் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். பிடித்த தண்ணீரை அடித்தட்டிலிருந்து பின்பக்க விசிறி வாரி, சூடான சுருள் மேலேயே தெளித்துக்கொண்டிருந்தது. எடுத்த ஈரம் ஆவியாகி மறுபடி அறைக்கே போய்க்கொண்டிருந்தது. தட்டில் ஓட்டை போட்டு, குழாய் சொருகி, கீழே பக்கெட் வைத்தார்.

நான்காம் நாள் சாயங்காலத்துக்குள் பக்கெட் முக்கால்வாசி நிறைந்தது. கொடியில் போட்டிருந்த பனியனை மாமா தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, மொறுமொறுன்னு இருக்கு" என்றார். அப்போதே எடுத்து மாட்டிக்கொண்டார்.

மகளிடம் சொல்ல வேண்டாம், காய்ந்த கோட்டை மட்டும் கொடுப்போம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் மறுநாள் அவள் மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். வீட்டில் ஒருவரையும் காணோம். சாமான் அறையிலிருந்து உறுமல் சத்தம். கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கொடி நிறையத் துணி. துணிகளுக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல்களில் கை வைத்த பனியனோடு அப்பா, சட்டைக் கையை மடித்துவிட்டபடி கணவர். நடுவில் ஒரு தட்டு வேர்க்கடலை. இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?"

முதலில் இருவரும் துணியைத்தான் சொன்னார்கள். அவள் விடவில்லை. மருந்துச்சீட்டில் டாக்டரின் கிறுக்கலைப் படித்துப் படித்துப் பழகியவள். இரண்டு முகங்களைப் படிப்பது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏழாம் நம்பர் வந்தது, போனட் வந்தது, கரண்ட் அடுப்பு வந்தது. கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது.

"அஞ்சு மாசமா ரெண்டு பேரும் நடுங்கிக்கிட்டு இருந்தீங்க. நான் பாட்டுப் பாடிக்கிட்டு வேலைக்குப் போயிருக்கேன். என்னை என்னன்னு நினைச்சீங்க? சொன்னா என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"சொன்னா நீ திரும்பப் போகலாம்பே" என்றார் அப்பா.

"சந்தோஷமா இருக்கற மாதிரி நடிச்சிருக்கீங்க."

"நடிக்கலை," என்றார் மெக்கானிக். "நீ நல்லா இருக்கறது எங்களுக்கு நிஜமாவே நல்லா இருந்துச்சு. குளிருதான் நல்லா இல்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கோபத்தை விட மனசு வராமல், "நகருங்க" என்று அப்பாவின் ஸ்டூலில் பாதி இடம் பிடித்து உட்கார்ந்தாள். வேர்க்கடலையை எடுத்து உடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாடும் அந்த அறையிலேயே நடந்தது.

விஷயம் மாடியோடு நிற்கவில்லை. முதலில் வந்தது டீச்சர். ஒரு கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "துணி காயலைன்னு நானே வந்து சொல்லும்படி ஆயிடுச்சு" என்றார். அடுத்து அவருடைய தங்கை வந்தார், பிறகு எதிர்வீட்டுத் தையற்காரர் ஒரு மூட்டையோடு வந்தார். அறையில் உட்கார இடமில்லாமல் போனதால் மாமா மறுபடி ஏழாம் நம்பருக்குப் போக ஆரம்பித்தார். இந்த முறை சொல்லிவிட்டுப் போனார். டிரைவரும் கண்டக்டரும் இப்போது கூட்டாளிகளாகிவிட்டார்கள். டீச்சர்கூட ஒரு நாள் அவரோடு கடைசி ஸ்டாப் வரை போய் வந்தார்.

மருத்துவமனையில் பழைய நோயாளிகளின் கோப்புகள் வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பாதி எழுத்து அந்தப் பக்கம் போய்விடும். அவள் தலைமை எழுத்தரிடம் சொல்ல, அவர் வந்து பார்த்து, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அறைக்கு மெக்கானிக் நல்லதாகவே ஒன்று செய்து கொடுத்தார். பிறகு நூலகம், போட்டோ ஸ்டுடியோ, விதைக் கிடங்கு. முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிகல் கடைக்காரரே தன் கடையில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார். "ஏ.சி. மெக்கானிக்குன்னு போர்டு வைக்காதீங்க, சிரிப்பாங்க. ஈரம் எடுக்கப்படும்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினார்கள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதுகுவலி மெக்கானிக்கை விடவில்லை. மாமாவுக்கு ஒரு தடவை நெஞ்சுச் சளி பிடித்து எட்டு நாள் படுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் எழுந்ததும் தானாகவே ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருடம் முடிந்தபோது துறையிலிருந்து கடிதம் வந்தது. விருப்பமிருந்தால் பழைய ஊருக்கே மாற்றல் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். ஒளித்து வைக்கிற வேலை இனி யாருக்கும் வேண்டாம் என்பது அவள் போட்ட சட்டம்.

"வெளிப்படையாச் சொல்லுங்க. யாருக்குப் போகணும்?"

"யோசிக்கிறேன்" என்றார் அப்பா.

"நானும்" என்றார் மெக்கானிக்.

"நானும்தான்" என்றாள் அவள்.

மூவரும் உண்மையாகவே யோசித்தார்கள். மாமா பழைய கூட்டாளிகளுக்குப் போன் போட்டு விசாரித்தார். மெக்கானிக் ஒரு நாள் போய்ப் பழைய தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே எல்லோரும் 'கூலிங்' என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. திரும்பி வந்ததும் அதையும் மறைக்காமல் சொன்னார். கடிதம் மேஜையிலேயே கிடந்தது.

அந்த மாதத்தின் கடைசி நாள் விடியும்போதே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. மலை ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால் வேறு வேலை எதுவும் நடக்காது. தெருவே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. தையற்காரர் மெத்தை விரித்தார், டீச்சர் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்தார். அவளும் லீவு சொல்லிவிட்டாள். மூவரும் மெத்தை, தலையணை, கம்பளி, காலணி, பெட்டி என்று வீட்டையே மாடியில் கொட்டினார்கள். மாமா சட்டையைக் கழற்றிவிட்டு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எழுப்பினால் எழுந்திருப்பதாக இல்லை.

நான்கு மணிக்கு மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது. கீழ்த்தெருவிலிருந்து யாரோ, "வருது, வருது!" என்று கத்தினார்கள். எல்லா மாடியிலும் ஓட்டம். பெரிய மெத்தையின் ஒரு முனையை அவள் பிடித்துத் தூக்கியவள், சட்டென்று நின்றுவிட்டாள்.

"என்னங்க, அந்த விண்ணப்பம். இன்னைக்குத்தான் கடைசி."

மெக்கானிக் மறு முனையோடு நின்றார். மாமா தலையணைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். முதல் துளி மெத்தை மேல் விழுந்தது.

"ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்குமே. இப்ப ஓடினா குடுத்துடலாம்" என்றார் மெக்கானிக்.

"ஓடலாம்" என்றாள் அவள். ஆனால் முனையை விடவில்லை.

"முதல்ல மெத்தையை இறக்குங்க," என்றார் மாமா. "நனைஞ்சா நாலு நாள் ஆகும்."

அவள் சிரித்துவிட்டாள். "அந்தப் பக்கம் நல்லாப் பிடிங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, படிக்கட்டில் பின்னோக்கி மெதுவாக இறங்க ஆரம்பித்தாள்.